மின்சார கார் கட்டுப்படியாகுமா? மாதம் 1000 கி.மீ., அடுக்குமாடி பார்க்கிங், ஊர் காரைக்குடி

பெரும்பாக்கத்தான் (சென்னை)

வணக்கம் மக்களே. ஒன்பது வருஷப் பெட்ரோல் வண்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. வேலை சிறுசேரியில். ஆபீஸ், கடை, கோயில், மாமியார் வீடு எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 1000 கி.மீ. ஓடும். பொங்கல், தீபாவளி, திருவிழா என்று வருஷத்தில் நாலைந்து தடவை காரைக்குடி. வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 15 லட்சத்துக்கு மேல் போனால் வீட்டில் எனக்கே பார்க்கிங் கிடைக்காது.

பார்த்து வைத்திருப்பது டாடாவின் பஞ்ச் ஈவி 35, நெக்ஸான் ஈவி 45 (எண் பேட்டரியின் யூனிட் அளவு), எம்ஜியின் விண்ட்சர். யூடியூபில் ஒருத்தர் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் என்கிறார். இன்னொருத்தர் பேட்டரி போனால் காரின் பாதி விலை போச்சு என்கிறார். ரெண்டு பேரும் கடைசியில் சப்ஸ்கிரைப் செய்யச் சொல்கிறார்கள்.

குடியிருப்பது நாலு மாடி அபார்ட்மெண்ட், கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே ஸ்டில்ட் பார்க்கிங். இபி பில் ரெண்டு மாதத்துக்கு 450 யூனிட் வாக்கில் வரும். வெயில் காலத்தில் 700 தாண்டும். சொந்தமாக வைத்து ஓட்டுகிறவர்கள் கணக்கைச் சொன்னால் நல்லது.

சிங்காநல்லூர்க்காரன் (கோவை)

வாங்க, வாங்க. நம்மகிட்ட இருக்கிறது பழைய நெக்ஸான் ஈவி, 30.2 யூனிட் பேட்டரி. கம்பெனி சொன்னது 312 கி.மீ. ஊருக்குள் பதமாக ஓட்டினால் 200 தாண்டும். பைபாஸில் நூறில் மிதித்தால் 170-தான். சான்றிதழில் போட்டிருக்கும் தூரத்தில் மூணில் ஒரு பங்கை அங்கேயே கழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக் கணக்குப் போடுங்க. எந்த கம்பெனி வண்டியானாலும் இதே கதைதான்.

எந்த கார் என்று அப்புறம் பேசலாம். ராத்திரி வண்டி நிற்கும் இடத்தில் உங்க மீட்டரிலிருந்து 15 ஆம்பியர் பிளக் வருமா? வந்தால் மேலே பேசலாம். வராது என்றால் இப்போதைக்குப் பெட்ரோலே வாங்குங்க. தினமும் வெளியே போய் சார்ஜ் போட்டுக்கலாம் என்று வாங்கின என் சித்தப்பா பையன் ஒரு வருஷத்தில் வண்டியைத் தள்ளிவிட்டான்.

எனக்குச் சொந்த வீடு. அதிலும் முதல் மாதம் பெரிய தலைவலி. பிளக்கைச் சொருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியுது, ஏறவே மாட்டேங்குது. சர்வீஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு வண்டியில் குறை இல்லை என்றுவிட்டார்கள். கடைசியில் நம்ம எலக்ட்ரீஷியன் மீட்டரை வைத்துப் பார்த்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 11 வோல்ட் நிற்குது. எர்த் குழியைத் திறந்தால் காய்ந்து மண் வெடித்துக் கிடக்குது, உள்ளே பைப் துருவேறிப் போச்சு. புதுக் குழி வெட்டி, தகடு இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடினதும் 1 வோல்ட்டுக்கு இறங்கிச்சு. அன்னைக்கு ராத்திரியே சார்ஜ் ஏறிச்சு. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் இத்தனை வருஷம் எர்த் இல்லாமல்தான் ஓடியிருக்கு. கண்டுபிடித்துச் சொன்னது காருங்க.

டீசல்பிரியன் (திருச்சி)

நல்ல கதை. இப்போது பணத்தைப் பேசலாமா?

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். முன்பு செஸ் சேர்த்து 29. மின்சார காருக்கு 2019 ஆகஸ்டிலிருந்தே 5 சதவீதம், அது அப்படியேதான் இருக்கிறது. ஆக பெட்ரோல் காரின் விலை இறங்கிவிட்டது, மின்சார காரின் விலை இறங்கவில்லை. மின்சார கார் கடன் வட்டிக்கான 80இஇபி வருமான வரிச் சலுகை 2023 மார்ச்சுக்குள் அனுமதியான கடனுக்குத்தான். சேல்ஸ் பையன் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தால் தேதியைக் கேளுங்கள். மத்திய அரசின் மின் வாகன மானியமான ஃபேம், அதன் இரண்டாம் கட்டத்தில் சொந்த உபயோகக் காருக்கு வந்ததில்லை.

நம் ஊரில் உருப்படியாகக் கிடைத்த சலுகை சாலை வரி விலக்குதான். 10 முதல் 20 லட்சம் வரையுள்ள பெட்ரோல் காருக்கு 15 சதவீத வரி, 13 லட்சத்துக்கு கிட்டத்தட்ட 2 லட்சம். 2023 கொள்கையில் மின்சார வண்டிக்கு 2025 டிசம்பர் 31 வரை முழு விலக்கு என்று இருந்தது. நீங்கள் பதிவு செய்யும் நாளில் என்ன நிலவரம் என்று ஷோரூமில் கேட்காமல் ஆர்டிஓவில் கேளுங்கள்.

என் மச்சானுக்காக ரெண்டு கொட்டேஷன் வாங்கினேன். ஒரே அளவு, ஒரே வசதி, வித்தியாசம் மூன்றரை லட்சம். ஈவிக்கு இன்சூரன்சும் கூடுதல். மூன்றாம் நபர் காப்பீட்டில் 15 சதவீதத் தள்ளுபடி உண்டு, ஆனால் சொந்தச் சேதப் பகுதியில் அதற்கு மேலேயே வாங்கிவிடுகிறார்கள். இந்த மூன்றரை லட்சத்தை எடுக்க எத்தனை வருஷம்? அதற்குள் உங்கள் மாடலை யார் வாங்குவார்கள்?

மீட்டர்தாத்தா (தாம்பரம்)

தம்பி பெரும்பாக்கம், மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உன் பில்லை நானே போட்டுக் காட்டுகிறேன். 2024 ஜூலை கட்டணம். அதற்குப் பிறகு மாறியிருந்தால் உன் பில்லைப் பார்த்துத் திருத்திக்கொள்.

இப்போது 450 யூனிட். முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35, அதற்கடுத்த 200-க்கு 4.70, மிச்ச 50-க்கு 6.30. மொத்தம் 1,490 ரூபாய்.

கார் வந்தால் ரெண்டு மாதத்தில் 2000 கி.மீ. யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று வைத்தால் பேட்டரிக்கு 285 யூனிட். சுவரிலிருந்து பேட்டரிக்குப் போகும்போது பத்துப் பன்னிரண்டு சதவீதம் சூடாகப் போய்விடும். அதனால் மீட்டரில் 320 ஓடும். மொத்தம் 770.

500-ஐத் தாண்டிவிட்டால் இரண்டாவது நூறுக்கும் 2.35 கிடையாது, அதுவும் 4.70. ஆக 300 யூனிட்டுக்கு 1,410. அடுத்த 100 x 6.30 = 630. அடுத்த 100 x 8.40 = 840. மிச்சம் 170 x 9.45 = 1,606. கூட்டினால் 4,486.

கூடுதல் செலவு கிட்டத்தட்ட 3,000 ரூபாய். 2000 கி.மீ.க்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். யூடியூப்காரர் சொல்லும் ஒரு ரூபாய் குறைந்த ஸ்லாபில் (கட்டணப் படியில்) இருப்பவருக்குப் பொருந்தும். வெயில் காலத்தில் உன் வீடு ஏற்கெனவே 700 ஓடும்போது, காருக்கான யூனிட்டெல்லாம் 9.45-லும் 10.50-லும் விழும். ஆயிரத்தைத் தாண்டினால் 11.55. அப்போது கிலோமீட்டருக்கு 1.65 பக்கம் வரும்.

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) நெரிசலில் 15 கி.மீ. கொடுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள். 2000 கி.மீ.க்கு 13,400-ஐத் தாண்டும். ஆக மாதம் ஐயாயிரம், வருஷம் அறுபதாயிரம் மிச்சம். டீசல்பிரியன் சொன்ன மூன்றரை லட்சத்தை எடுக்கக் கிட்டத்தட்ட ஆறு வருஷம். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மாதம் 500 கி.மீ. ஓட்டுகிறவன் இதில் கை வைக்கவே கூடாது. 1500 ஓட்டுகிறவன் யோசிக்கவே கூடாது. நீ நடுவில் மாட்டியிருக்கிறாய்.

டீசல்பிரியன் (திருச்சி)

கோபம் இல்லை ஐயா, கணக்கு. பேட்டரியைத் தனியாக வாடகைக்குத் தரும் திட்டத்தையும் அவர் யோசிப்பார், அதனால் சொல்கிறேன். விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது காருக்கு 9.99 லட்சம், பேட்டரிக்கு கிலோமீட்டருக்கு 3.50 வாடகை. அதோடு ஐயா சொன்ன ஒன்றரை ரூபாய் கரண்டையும் கூட்டினால் 5 ரூபாய். பெட்ரோலுக்கு ஆறே முக்கால். இந்த ஒன்றே முக்கால் ரூபாய்க்கா இத்தனை பாடு?

சிங்காநல்லூர்க்காரன் (கோவை)

வாடகைத் திட்டம் எனக்கும் பிடிக்கலைங்க. ஆனால் சர்வீஸை விட்டுட்டீங்களே. ஆயில் இல்லை, ஃபில்டர் இல்லை, கிளட்ச் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. பிரேக் பேட் தேயவே மாட்டேங்குது, பாதி பிரேக்கை மோட்டாரே பிடித்துக்குது. ஏசி ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், அவ்வளவுதான். டயர் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் போகும், வண்டி கனம். இன்னொண்ணு, பெரிய பேட்டரி ஃபுல்லாக இருந்தாலும் முன்னாடி இருக்கிற 12 வோல்ட் குட்டி பேட்டரி செத்தால் வண்டி ஆன் ஆகவே ஆகாது. அதை மூணு நாலு வருஷத்தில் மாற்றிவிடுங்க.

சொந்த வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு வழி மாடியில் சோலார். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 மானியம். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 12 யூனிட் வரும், அதாவது 75 கி.மீ. பக்கம்.

மொட்டைமாடி (அண்ணாநகர்)

அபார்ட்மெண்ட் கதையை நான் சொல்கிறேன். எங்கள் பிளாக்கில் முதல் மின்சார கார் எங்களுடையதுதான். அசோசியேஷன் கூட்டத்தில் காரைப் பற்றி யாரும் பேசவில்லை. "தீப்பிடித்தால் யார் பொறுப்பு" என்று ஒருவர், "காமன் மீட்டரிலிருந்து திருடுவார்கள்" என்று இன்னொருவர், "எல்லாரும் கேட்டால் டிரான்ஸ்பார்மர் தாங்குமா" என்று மூன்றாமவர். முதல் இரண்டுக்கும் கையில் காகிதத்தோடு போனால் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவது கேள்வி உண்மையிலேயே நல்ல கேள்வி.

சார்ஜ் போட லைசன்ஸ் எதுவும் வேண்டாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. 2024-ல் வந்த வழிகாட்டுதலும் வீட்டில் இருக்கிற இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்கிறது. அதை அச்செடுத்து செக்ரட்டரியிடம் கொடுத்தேன். பிறகு எங்கள் ஃபிளாட் மீட்டரிலிருந்தே தனி ஒயர், பாரம் கூடினால் தானே அணையும் தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் அணைக்கும் ஆர்சிசிபி, பைப்புக்குள் இழுத்து, பூட்டு போட்ட டப்பாவில் பிளக். செலவு முழுக்க எங்களுடையது. வேலை முடிந்ததும் லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் சோதனை அறிக்கை வாங்கி அசோசியேஷன் ஃபைலில் வைத்தோம். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது அதே எதிர்ப்பாளர் ஒருவர் ஒயருக்கு எவ்வளவு ஆச்சு என்று விசாரிக்கிறார்.

காமன் மீட்டரில் சப்மீட்டர் வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாதாமாதம் பாக்கி கணக்கு, சண்டை. மெயின்டனன்ஸ் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயர் நிரந்தரமாகிவிடும்.

பெரும்பாக்கத்தான் (சென்னை)

அக்கா, நன்றி. மீட்டர் ரூம் எங்களுக்குக் கீழேயே இருக்கிறது. செக்ரட்டரியிடம் பேசுகிறேன். தாத்தா, இவ்வளவு விவரமாகப் பில் போட்டுக் கொடுத்ததற்குப் பெரிய நன்றி.

காரைக்குடி பயணத்தைப் பற்றி யாராவது? அப்பா வீட்டு ஒயரிங் அவருக்கே அண்ணன் வயசு.

நாற்கரச்சாலை (விழுப்புரம்)

பெரும்பாக்கத்திலிருந்து காரைக்குடி 400 கி.மீ. சொச்சம். 35 யூனிட் பேட்டரி என்றால் 90-ல் போனால் 230 கி.மீ. வரும். உளுந்தூர்பேட்டையில் ஒன்று, திருச்சியில் ஒன்று என்று ரெண்டு நிறுத்தம். 45 யூனிட் என்றால் உளுந்தூர்பேட்டையில் சாப்பிடும் நேரத்தில் 85 சதவீதம் வரை ஏற்றினால் ஒரே நிறுத்தம். நாற்கரச் சாலையில் 110-ல் போய் முன்னாடி சேர்ந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். காற்று எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏறும். 90-லிருந்து 110-க்குப் போனாலே காற்றைக் கிழிக்க மட்டும் ஒன்றரை மடங்கு. ஓட்டத்தில் மிச்சம் பிடித்த நேரத்தைச் சார்ஜரில் உட்கார்ந்து கொடுத்துவிடுவீர்கள்.

வேகமாக ஏற்றும் சாலையோர டி.சி. சார்ஜரில் யூனிட் 20 ரூபாய்க்கு முன்னே பின்னே, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நெடுஞ்சாலை ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு மூன்றரை நாலு ரூபாய். வீட்டில் போடுவதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல். ஆனாலும் வருஷத்துக்கு நாலைந்து தடவைதானே, அதைப் பார்க்க வேண்டாம்.

பார்க்க வேண்டியது பொங்கலுக்கு முந்தின ராத்திரியை. சாதாரண நாளில் போய்ச் சொருகினால் வேலை முடிந்தது. பண்டிகைக்கு ரெண்டு கன் (காரில் சொருகும் கைப்பிடி) உள்ள இடத்தில் ஆறு வண்டி நிற்கும். அதில் ஒரு கன் வேலை செய்யாது. செயலியில் மட்டும் பச்சையாகக் காட்டும். வாலெட்டில் முன்பணம் போட்டால்தான் ஓடும், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வாலெட். குறைந்தது மூன்று செயலி முன்னாடியே போட்டு ஒவ்வொன்றிலும் முன்னூறு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். 80 சதவீதம் வந்ததும் கன்னைக் கழற்றி அடுத்தவருக்கு விடுங்கள். அதற்கு மேல் வேகம் விழுந்துவிடும், கடைசி இருபதுக்குப் பின்னால் நிற்பவர் உங்கள் குலத்தையே திட்டுவார். போன தீபாவளிக்கு ஒரு மகராசன் 100 வரட்டும் என்று சொருகிவிட்டு எதிர்க் கடையில் பரோட்டா சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

பழைய வீட்டு ஒயரிங்கில் கை வைக்காதீர்கள். இரும்பு எடைக்குப் போட வேண்டிய சாக்கெட்டில் 15 ஆம்பியர் பத்து மணி நேரம் ஓடினால் பிளக் கருகும். திருச்சியில் நன்றாக ஏற்றிக்கொண்டு போனால் காரைக்குடி போய் ஊர் சுற்றித் திரும்பத் திருச்சி வரலாம்.

சிங்காநல்லூர்க்காரன் (கோவை)

மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கோவையிலிருந்து ஊட்டி ஏற்றம் 1800 மீட்டருக்குப் பக்கம். ஆளோடு 1600 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 8 யூனிட் வேணும், ஓடுகிற செலவு தனி. அந்த 8-ல் பாதிக்கு மேல் இறங்கும்போது திரும்பி வந்துவிடும். ஊட்டியில் ஃபுல் சார்ஜ் போட்டுக்கொண்டு மட்டும் இறங்காதீங்க, நிரம்பின பேட்டரியில் எதையும் ஏற்ற முடியாது, முழு பாரமும் பிரேக்குக்குப் போகும்.

கொக்குவில் (யாழ்ப்பாணம்)

இடையில் புகுந்து எழுதுறதுக்கு மன்னிக்கவும். பற்றறி பற்றிக் கதைக்கேக்க எங்கட அனுபவத்தையும் சொல்லவேணும்.

இலங்கையில 2015 வாக்கில யப்பானில இருந்து பாவிச்ச நிசான் லீஃப் நிறைய வந்தது. நானும் ஒண்டு எடுத்தனான், 24 கிலோவாட் மணி, உங்கட கணக்கில 24 யூனிட் பற்றறி. அதில பற்றறியைக் குளிர்விக்க நீர் ஓட்டம் இல்லை, சும்மா காத்துத்தான். எங்கட வெக்கைக்கு அது பத்தாது. டாஷ்போட்டில பற்றறியின்ர ஆரோக்கியத்தைக் காட்ட 12 கோடு இருக்கும். ஒவ்வொண்டாய் விழுந்து இப்ப 7 நிக்குது. கிளிநொச்சி போய் வாறதெண்டாலே மனக்கணக்குப் போட்டுத்தான் வெளிக்கிடுறது. ஆனபடியால் திரவக் குளிர்விப்பு இருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ. இப்ப உங்கட பக்கம் வாற வாகனங்களில பெரும்பாலும் அது இருக்கு, எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பொஸ்பேற்) வகைப் பற்றறியும் வெக்கையை நல்லாத் தாங்கும்.

அண்ணை டீசல்பிரியன், ஆறு வருசக் கணக்கு சரிதான். ஆனால் 2022-ல இங்க பெற்றோலுக்கு நாள்க்கணக்கில வரிசையில நிண்ட சனத்துக்குக் கணக்கு வேற. கியூஆர் காட்டினால்தான் எரிபொருள், அதுவும் கிழமைக்கு இவ்வளவு லீற்றர் எண்டு அளவு. மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்டும் இல்லைதான், ஆனால் கரண்ட் வாற நேரம் பாத்து ஏத்தினால் அடுத்த நாள் ஓடலாம். ஏழு கோட்டோட நிக்கிற அந்த வாகனத்தை விக்க எனக்கு இப்பவும் மனம் வரேல்லை.

டீசல்பிரியன் (திருச்சி)

கொக்குவில் ஐயா, நீங்கள் சொன்னதுதான் என் பயமே. ஏழு கோடு.

நாற்கரச்சாலை (விழுப்புரம்)

இங்கே பல கம்பெனிகள் பேட்டரிக்குக் குறைந்தது 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன. எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் மாற்றுவார்கள் என்ற சதவீதத்தைக் கையேட்டில் படித்துவிட்டு வாங்குங்கள். இரண்டாவது கைக்குப் போனால் அந்த வாரண்டி எப்படி மாறும் என்பதையும் பாருங்கள். மறுவிற்பனை விலை அதில்தான் நிற்கிறது.

வேளச்சேரிப் படகு (சென்னை)

பெரும்பாக்கம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது தண்ணீர்தான், யாருமே கேட்கவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் கார்கள் மிதந்தன. அதற்கடுத்த வருஷம் மழை எச்சரிக்கை வந்ததுமே எல்லாரும் வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டியை ஏற்றி நிறுத்தினோம், ஞாபகம் இருக்கும்.

பேட்டரிப் பெட்டி நீர் புகாத வகைதான். முழங்கால் தண்ணீரில் ஓட்டினால் பெட்ரோல் வண்டியைப் போல சைலன்சர் வழியே தண்ணீர் ஏறி நிற்காது. ஆனால் ரெண்டு நாள் மூழ்கிக் கிடந்த வண்டி வேறு. அதைத் தொடாமல், சார்ஜும் போடாமல், இழுவை வண்டியில் ஏற்றி சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஸ்டில்ட் பார்க்கிங்கில் பிளக்கை இடுப்புக்கு மேலே வையுங்கள், மழை எச்சரிக்கை வந்தால் எம்சிபியை இறக்கிவிடுங்கள். புயலுக்கு முந்தின நாளே 100-க்கு ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் மிக்ஜாமுக்கு அப்புறம் கரண்ட் வர நாலு நாள் ஆச்சு.

பெரும்பாக்கத்தான் (சென்னை)

அசோசியேஷன் கூட்டம் முடிந்தது. மொட்டைமாடி அக்கா சொன்னபடி காகிதத்தோடு போனேன். என் மீட்டரிலிருந்து சொந்தச் செலவில் இழுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள், நிபந்தனை ஒன்றுதான்: பைப் சுவரோரமாகப் போக வேண்டும். நெக்ஸான் 45 எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஆறு வருஷம் ஆனாலும் பரவாயில்லை, இந்த வண்டியை ஒன்பது வருஷம் வைத்திருந்தவன் அதையும் வைத்திருப்பேன்.

தாத்தா, மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை சுற்றி வந்தால் 40 மீட்டர். எலக்ட்ரீஷியன் 2.5 சதுர மி.மீ. ஒயர் போதும் என்கிறார். சிங்கிள் ஃபேஸ்தான்.

மீட்டர்தாத்தா (தாம்பரம்)

போதாது. 40 மீட்டரில் 2.5 செம்பு ஒயரில் 15 ஆம்பியர் ஓடினால் 9 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதுவும் ராத்திரி முழுக்கத் தொடர்ந்து ஓடுகிற பாரம். 6 சதுர மி.மீ. போடு, 4 வோல்ட்டுக்குள் நிற்கும். எர்த் ஒயரையும் கூடவே இழுக்கச் சொல், பைப்பில் இடம் இல்லை என்பான், விடாதே. உனக்குத் தினமும் 40 கி.மீ.தான், அதற்கு 6 யூனிட், சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் ரெண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். வேகமாக ஏற்றும் 7.2 கிலோவாட் சுவர்ப் பெட்டி சார்ஜரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சிங்கிள் ஃபேஸில் ஏசியும் அதுவும் சேர்ந்து ஓடாது, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. சார்ஜை ராத்திரி பதினொன்றுக்கு மேல் டைமரில் வை, அதற்குள் வீட்டில் ஹீட்டர், மிக்ஸி எல்லாம் அடங்கியிருக்கும்.

வேலை முடிந்ததும் நியூட்ரல், எர்த் நடுவில் எத்தனை வோல்ட் என்று அளந்து இங்கே போடு.